முஸல்லாவை எந்தப் பக்கம் விரிப்பது? – ஒரு தோடம்பழம் தந்த விடை



புது வீட்டுக்குக் குடிபோகின்றவர்களுக்கு முதல் நாளிலேயே ஒரு கேள்வி வந்துவிடுகிறது. சமையற்கட்டுச் சாமான் எங்கே, கட்டில் எங்கே என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். லுஹருக்குப் பாங்கு சொல்லிவிட்டால், முஸல்லாவை எந்தப் பக்கம் விரிப்பது என்பதற்கு அந்த நிமிடமே விடை வேண்டும்.

என் தங்கை குடும்பத்தினர் கொழும்புக்கு வெளியே ஒரு வீட்டுக்குக் குடிபோன அன்று நானும் உதவிக்குப் போயிருந்தேன். பெட்டிகள் அவிழ்க்கப்படாமல் கிடந்தன. தங்கையின் மாமி, சூரியன் எந்தச் சுவருக்குப் பின்னால் இறங்கும் என்று விசாரித்துவிட்டு, அந்தச் சுவரைப் பார்த்து முஸல்லாவை விரித்தார். மேற்குத்தானே கிப்லா! அவருடைய உம்மாவும் அப்படித்தான் விரித்தாராம். உடனே பேரன் கைத்தொலைபேசியை எடுத்து வந்து, "வாப்பும்மா, இன்னும் வலது பக்கம் திருப்ப வேணும், 25 பாகை" என்றான். க.பொ.த. சாதாரண தரத்துக்குப் படிக்கும் பேத்திக்கு அது பிடிக்கவில்லை. தன் பெட்டியிலிருந்து நீள்சதுர உலகப் படத்தை எடுத்துத் தரையில் விரித்தாள். கொழும்பையும் மக்காவையும் அடிமட்டத்தால் இணைத்துக் கோடு கீறிப் பாகைமானியை வைத்து அளந்தாள். மேற்கிலிருந்து வடக்காக 20 பாகைதான் வந்தது.

ஒரே அறையில் மூன்று கிப்லாக்கள்! மாமிக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் அம்பது வருஷமா மேக்கைப் பார்த்துத்தானே தொழுதிருக்கன்" என்று மெதுவாகச் சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கும் நெஞ்சு கனத்துவிட்டது.

அவர் தொழுத தொழுகைகளைப் பற்றி எழுத நான் ஆலிமா அல்ல. மறுநாள் மஹல்லாப் பள்ளிவாசல் மௌலவியிடம் மகன் போய்க் கேட்டு வந்தார். அதைக் கேட்ட பிறகு மாமியின் முகம் தெளிந்தது. மார்க்கச் சட்டம் தேவைப்படுகின்றவர்கள் அவ்வாறே ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பேத்தியின் கேள்வி வேறு. "பெரியும்மா, அடிமட்டம் வளையாது. நான் பிழையாக அளக்கவும் இல்லை. பிறகு எப்படி 5 பாகை வித்தியாசம் வந்தது? படம் பிழையா, ஃபோன் பிழையா?" அதற்கு விடை கேத்திர கணிதத்தில் இருக்கிறது. அதற்கு வேண்டிய சாமான்கள் ஒரு தோடம்பழம், ஒரு கத்தி, ஒரு முழம் நூல், கொஞ்சம் ரிப்பன்.

தோடம்பழத்தைக் காம்பு மேலே இருக்கும்படி பிடியுங்கள். காம்பு வட துருவம். நேர் கீழே இருப்பது தென் துருவம். கத்தியைக் குறுக்காக, சரி நடுவில் வைத்து வெட்டினால் இரண்டு சம பாதிகள் கிடைக்கும். வெட்டு விளிம்பில் ஒரு வட்டம் தெரிகிறதல்லவா? அதுதான் பூமியில் மத்திய கோடு. இன்னொரு பழத்தைக் காம்புக்குக் கிட்ட வெட்டுங்கள். இப்போதும் வட்டம்தான், ஆனால் சிறியது. பழத்தை எங்கே, எந்தச் சரிவில் வெட்டினாலும் விளிம்பு வட்டமாகத்தான் வரும். அவற்றுள் பழத்தின் மையத்தினூடாகக் கத்தி போகும்போது வருகின்ற வட்டமே ஆகப் பெரியது. அதற்குப் பெரு வட்டம் என்று பெயர். மற்றவை எல்லாம் சிறு வட்டங்கள்.

கத்தி குறுக்காகத்தான் போக வேண்டும் என்றில்லை. நெடுக்காக, சாய்வாக, எப்படியும் போகலாம். மையத்தைத் தொட்டால் போதும். ஆகவே ஒரு கோளத்தில் பெரு வட்டங்களுக்குக் கணக்கே இல்லை. ஆனால் அவை எல்லாமே ஒரே அளவு. பூமியில் எந்தப் பெரு வட்டத்தைச் சுற்றி வந்தாலும் ஏறக்குறைய 40,000 கிலோமீற்றர். அகலக்கோடுகளில் மத்திய கோடு ஒன்றுதான் பெரு வட்டம். 60 பாகை அகலக்கோட்டைச் சுற்றி வந்தால் அதில் பாதி, சுமார் 20,000 கிலோமீற்றர்தான். நெடுங்கோடுகளோ துருவத்திலிருந்து துருவத்துக்குப் போகும் அரைப் பெரு வட்டங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். பழத்தின் தோலில் இரண்டு புள்ளிகள் வையுங்கள். அந்த இரண்டு புள்ளிகளையும் நடு மையத்தையும் தொடும்படி கத்தியை எத்தனை விதமாக வைக்கலாம்? ஒரே ஒரு விதம்தான். மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பது போலத்தான் இதுவும். மூன்று புள்ளிகள் ஒரு தளத்தை நிர்ணயித்து விடுகின்றன. எனவே இரண்டு ஊர்களை எடுத்தால் அவற்றினூடாகப் போகும் பெரு வட்டம் ஒன்றே ஒன்று.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. இரண்டு புள்ளிகளும் பழத்தின் நேர் எதிர்ப் பக்கங்களில் இருந்தால், மையமும் அவற்றோடு ஒரே நேர்கோட்டில் வந்துவிடும். கத்தியை எப்படியும் திருப்பலாம். மக்காவுக்கு நேர் எதிரான புள்ளி தென் பசுபிக் கடலில், பிரெஞ்சு பொலினீசியத் தீவுகளின் பக்கம் இருக்கிறது. சரியாக அந்தப் புள்ளியில் ஒரு படகு நின்றால், அதிலிருப்பவருக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் மக்கா ஒரே தூரம்தான்.

"வட்டம் எப்படி நேர்கோடாகும்?" என்று பேத்தி விடாமல் கேட்டாள். நல்ல கேள்விதான். உருண்டைக்கு மேல் நேர்கோடு என்றால் என்ன? அந்த உருண்டையில் ஊர்ந்து போகும் எறும்பு இடமும் திரும்பாமல் வலமும் திரும்பாமல் முன்னே முன்னே போனால் எந்த வழியில் போகுமோ, அதுதான் அதன் நேர்கோடு. அந்த வழி பெரு வட்டமேயன்றி வேறில்லை. நம்பாவிட்டால் ரிப்பனை எடுங்கள்.

தையல் தெரிந்த சகோதரிகளுக்கு இது உடனே விளங்கும். ஒரு பிளாஸ்டிக் பந்தின் நடுவே ஒரு ரிப்பனைச் சுற்றுங்கள். சுருக்கமின்றி அழகாகப் படிந்துவிடும். அதே ரிப்பனைப் பந்தின் மேற்பகுதியில், தொப்பிக் கரை வைப்பது போலச் சுற்றிப் பாருங்கள். ஒரு விளிம்பு இறுகிப் பிடிக்கும், மற்ற விளிம்பு சுருங்கி எழும்பி நிற்கும். என்ன காரணம்? ரிப்பனின் இரண்டு விளிம்புகளும் ஒரே நீளம். பந்தின் நடுவில், பெரு வட்டத்தின் இரு புறமும் சுற்றளவு சமமாக இருப்பதால் இரண்டு விளிம்புகளுக்கும் வேலை ஒன்றுதான். மேலே போனால், உச்சிப் பக்கத்து விளிம்புக்குக் குறைந்த நீளமே தேவைப்படுகிறது. மிச்சத் துணி சுருங்குகிறது. கழுத்துப் பட்டிக்கு நேர்த்துணி வெட்டித் தைத்துவிட்டுப் பிறகு பிரித்தவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். நேரான ரிப்பன் நேராகவே இருந்துகொண்டு பந்தில் படிகின்ற ஒரே வழி பெரு வட்டம் என்றால், அதை நேர்கோடு என்று சொல்லாமல் வேறெதைச் சொல்வது?

நூலும் அதையே சொல்லும். பழத்தில் இரண்டு குண்டூசிகளைக் குத்தி, அவற்றுக்கிடையே நூலை இறுக்கி இழுங்கள். ஆகக் குறுகிய வழியைத் தேடி நூல் தானாகவே பெரு வட்டத்தில் போய் நிற்கும். இரண்டு ஊர்களுக்கிடையே ஆகக் குறுகிய பாதை எது என்று விமானிகள் கேட்டாலும் விடை இதுதான்.

இனி உலகப் படத்துக்கு வருவோம். தோடம்பழத் தோலை ஒரே துண்டாக உரித்து மேசையில் தட்டையாக அழுத்திப் பாருங்கள். கிழியாமல் படியாது. உருண்டைத் தோலைச் சதுரத் தாளாக்க வேண்டுமென்றால் எங்காவது இழுக்க வேண்டும். நீள்சதுர உலகப் படத்தில் துருவம் என்ற ஒரேயொரு புள்ளி, மேல் விளிம்பு முழுவதும் இழுபட்டுக் கோடாகி விடுகிறது. சில படங்களில் துருவத்துக்கு இடமே கிடைப்பதில்லை. இப்படி இழுபட்ட தாளில் அடிமட்டத்தால் கீறிய கோடு, பூமியில் நேர்கோடாக இராது. பேத்தியின் அடிமட்டம் வளையவில்லைதான். ஆனால் அவளுடைய கோடு பூமிக்குப் போனால் வளைந்துவிடும்.

கொழும்பு வட அகலாங்கு 6.9 பாகையிலும், மக்கா 21.4 பாகையிலும் இருக்கின்றன. இரண்டுக்கும் நெட்டாங்கு வித்தியாசம் ஏறக்குறைய 40 பாகை. இவ்வளவும் தெரிந்தால் கிப்லாவைக் கணக்கிட்டுவிடலாம். வட துருவம், கொழும்பு, மக்கா என்று பூமியின் மேல் மூன்று புள்ளிகள் வைத்து, அவற்றைப் பெரு வட்ட வில்களால் இணைத்தால் ஒரு முக்கோணி வருகிறது. கொழும்பில் இருக்கும் மூலைக் கோணம் எவ்வளவோ அவ்வளவு பாகை வடக்கிலிருந்து மேற்காகத் திரும்ப வேண்டும். அந்தக் கோணம் 65.2 பாகை. மேற்கிலிருந்து பார்த்தால் வடக்காக 24.8 பாகை. பேரனின் கைத்தொலைபேசி காட்டிய 25 இதுதான். இலங்கை முழுவதற்கும் இது பெரிதாக மாறுவதில்லை. காலியில் 25 பாகைக்குச் சற்று மேல், காத்தான்குடியில் 23 பாகைக்குச் சற்று மேல், யாழ்ப்பாணத்தில் 22 பாகைக்குக் கிட்ட.

அந்த முக்கோணியின் மற்ற இரண்டு கோணங்களையும் பேத்தி கேட்டாள். துருவத்தில் 40, மக்காவில் 104.5. கூட்டிப் பார்த்தவள் திடுக்கிட்டாள். கிட்டத்தட்ட 210 பாகை! முக்கோணியின் கோணங்களைக் கூட்டினால் 180 என்றுதானே பாடசாலையில் படித்தோம்? அது தட்டையான தாளுக்கு. தோடம்பழத்தை மையத்தினூடாகக் குறுக்கே ஒரு வெட்டு, நெடுக்காகச் செங்கோணத்தில் இரண்டு வெட்டு என்று எட்டுத் துண்டாக்குங்கள். ஒரு துண்டின் தோலை எடுத்து அதன் மூன்று மூலைகளையும் பாருங்கள். மூன்றும் செங்கோணம். மொத்தம் 270. பெரு வட்டங்களால் ஆன முக்கோணிக்கு 180 ஒருபோதும் போதாது. முக்கோணி பெரிதாகப் பெரிதாக மிகுதியும் கூடும்.

இந்த முக்கோணிகளின் வரலாற்றில் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பகுதி உண்டு. பெரு வட்ட வில்களால் ஆன முக்கோணியை முறையாக ஆராய்ந்து நூல் எழுதியவர், கி.பி. 100 ஆம் ஆண்டளவில் வாழ்ந்த அலெக்ஸாந்திரியாவின் மெனலாவுஸ் என்ற கிரேக்க அறிஞர். அவருடைய கிரேக்க மூலம் தொலைந்து போய்விட்டது. இன்று அந்த நூல் நமக்குக் கிடைப்பது அறபு மொழிபெயர்ப்பு இருந்ததனால்தான். கிப்லாவும் தொழுகை நேரங்களும் இந்தக் கணக்கைக் கேட்டபடியால், முஸ்லிம் கணித மேதைகள் அதை ஏந்தி வளர்த்தார்கள். கி.பி. 973 இல் குவாரிஸ்மில் பிறந்த அல்-பிரூனி, 1025 இல் ஊர்களின் இருப்பிடங்களை நிர்ணயிப்பது பற்றி ஒரு பெரும் நூலை எழுதி முடித்தார். கஸ்னா நகரின் கிப்லாவைச் சரியாகக் காண்பது அந்த நூலின் நோக்கங்களுள் ஒன்று. அதை ஒரு வழியில் அல்ல, பல வழிகளில் கணக்கிட்டுக் காட்டினார். 14 ஆம் நூற்றாண்டில் டமஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலில் நேரங் கணிப்பவராக இருந்த அல்-கலீலி, ஓர் ஊரின் அகலாங்கும் நெட்டாங்கும் தெரிந்தால் கிப்லாவைப் பார்த்துக்கொள்ளக்கூடிய அட்டவணை ஒன்றைத் தயாரித்தார். கிட்டத்தட்ட 3,000 எண்கள்! கணிப்பொறி இல்லை, மின்விளக்கும் இல்லை. அவருடைய அட்டவணை 10 பாகை அகலாங்கிலிருந்து தொடங்குவதால், அதற்குத் தெற்கே இருக்கும் நம் தீவுக்கு அதில் இடம் கிடைக்கவில்லை என்பது மட்டும் கொஞ்சம் கவலை.

சரி, 25 க்கும் 20 க்கும் உள்ள வித்தியாசம் நிலத்தில் எவ்வளவு? கொழும்பிலிருந்து மக்காவுக்குப் பெரு வட்ட வழியில் தூரம் ஏறக்குறைய 4,590 கிலோமீற்றர். இவ்வளவு தூரத்தில் ஒரு பாகை தவறினால் மக்காவிலிருந்து சுமார் 73 கிலோமீற்றர் தள்ளிப் போய்விடும். 5 பாகை என்றால் 350 கிலோமீற்றருக்கும் மேல். பள்ளிக்கூடத்துப் பூகோள உருண்டையில் நூலை இழுத்துப் பார்த்தால் பாதை தெளிவாகத் தெரியும். கொழும்பிலிருந்து புறப்படும் நூல், கன்னியாகுமரி முனைக்குச் சற்றுத் தெற்கே உரசிக்கொண்டு போய், அரபிக் கடலைக் கடந்து, ஓமானில் ஸலாலா நகரின் பக்கமாகக் கரையேறி, பெரும் பாலைவனத்தைத் தாண்டி மக்காவை அடைகிறது. நேர் மேற்கைப் பார்த்து நின்று, திரும்பாமல் அந்த நேர்கோட்டிலேயே போனால்? சோமாலியாவைக் கடந்து எத்தியோப்பியாவின் தென்பகுதிக்குப் போய்விடுவோம். மக்காவின் நெடுங்கோட்டை எட்டும்போது மக்கா நமக்கு வடக்கே ஏறக்குறைய 1,800 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும். மேற்கு என்று புறப்பட்ட கோடு எப்படித் தெற்கே சரிந்தது என்று யோசிக்கிறீர்களா? மேற்கு மேற்காகவே போக வேண்டுமென்றால் அகலக்கோட்டைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அது சிறு வட்டம். அதில் போக எறும்பு இடைவிடாமல் சற்று வலப்புறம் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தத் தீவில் இருந்துகொண்டு இதைப் பற்றிப் பேசினால் ஐந்து பாகைப் பிரச்சினைதான். பிள்ளைகள் கனடாவில் இருக்கும் உம்மாமார் இந்தப் பந்தியைக் கவனமாக வாசியுங்கள். ரொறன்ரோ மக்காவை விட வடக்கே இருக்கிறது. நீள்சதுரப் படத்தில் பார்த்தால் மக்கா தென்கிழக்குப் பக்கமாகத் தெரியும். ஆனால் அங்கிருந்து கிப்லா வடகிழக்கு. வடக்கிலிருந்து கிழக்காக 54.6 பாகை. முதலில் கேட்கும்போது இது பிழை போலத்தான் தோன்றும். தெற்கே இருக்கும் ஊருக்கு வடக்கே பார்த்து நிற்பதா? பூகோள உருண்டையில் நூலை இழுங்கள். ரொறன்ரோவிலிருந்து அது வடகிழக்காக அத்திலாந்திக் கடலில் ஏறி, அயர்லாந்துக்குச் சற்றுத் தெற்கே வந்து, பிரான்ஸ், வட இத்தாலி வழியாக இறங்கி, எகிப்தின் அலெக்ஸாந்திரியாவுக்குக் கிட்டக் கடந்து மக்காவைத் தொடும். தாளில் கீறிய கோடோ மொரோக்கோ வழியாகப் போகும். துருவத்துக்கு நெருங்க நெருங்கத் தாள் கூடுதலாக இழுபடுவதால் தாளின் பொய்யும் கூடுகிறது.

வட அமெரிக்காவில் இதைப் பற்றி வாதங்கள் நடந்திருக்கின்றன. வொஷிங்டன் நகரின் இஸ்லாமிய நிலையத்துப் பள்ளிவாசல் 1957 இல் திறந்து வைக்கப்பட்டது. அது வடகிழக்கைப் பார்த்து, முன்னாலுள்ள வீதிக்குச் சரியாக அமையாமல் திரும்பி நிற்கிறது. தட்டைப் படத்தை மனதில் வைத்திருந்தவர்களுக்கு அது வியப்பாக இருந்தது. 1990 களில் கூடத் தென்கிழக்கே சரி என்று வாதாடி நூல் வெளிவந்தது. இரு தரப்பாரும் கஃபாவைத்தான் நாடினார்கள். ஒரு தரப்பார் தாளை நம்பினார்கள்.

இவ்வளவையும் சொல்லி முடித்த பிறகும் மாமி திருப்தியடையவில்லை. "நூல் சொல்லுது, ஃபோன் சொல்லுது, கணக்குச் சொல்லுது. என்ட கண்ணுக்குத் தெரியிற மாதிரி ஏதும் இருக்கா மகள்?" என்றார். இருக்கிறது, அதற்கு அவர் ஜூலை மாதம் வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

வருடத்தில் இரண்டு முறை, மே 27 அல்லது 28 இலும் ஜூலை 15 அல்லது 16 இலும், சூரியன் கஃபாவின் நேர் உச்சிக்கு வருகிறது. மே மாதத்தில் மக்கா நேரம் பகல் 12.18, இலங்கை நேரம் பிற்பகல் 2.48. ஜூலையில் மக்கா நேரம் 12.27, நமக்கு 2.57. அந்த நிமிடத்தில் சூரியனையும் கஃபாவையும் பூமியின் மையத்தையும் ஒரே நேர்கோட்டில் கோக்கலாம். நீங்கள் முற்றத்தில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டால், அந்தக் குச்சியும் அந்தக் கோடும் ஒரே தளத்தில் விழும். அந்தத் தளம் பூமியின் மையத்தினூடாகப் போகிறது. அதாவது, தோடம்பழத்தை வெட்டிய அதே கத்தி! குச்சியின் நிழலும் அந்தத் தளத்திலேயே விழுவதால், நிழலின் நுனியிலிருந்து குச்சியின் அடியை நோக்கிப் பார்த்தால் அதுவே கிப்லா. படம் வேண்டாம், தொலைபேசி வேண்டாம். ஒன்றிரண்டு நாள் முந்தினாலும் பிந்தினாலும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் நேரத்தை மட்டும் தவறவிடாதீர்கள். சூரியனை வெறுங் கண்ணால் பார்க்க வேண்டாம், பிள்ளைகளையும் பார்க்க விடாதீர்கள். நிழல் போதும்.

கொழும்பு, காலிப் பக்கத்தவர்களுக்கு மே மாத இறுதியில் தென்மேல் பருவக்காற்றின் மேகம் மறைத்துவிடக்கூடும். கிழக்கு மாகாணத்தாருக்கு அந்தக் கவலை குறைவு. ரொறன்ரோப் பிள்ளைகளுக்கு இது உதவாது. அங்கே அந்நேரம் சூரியன் உதித்திருக்காது.

திசைகாட்டி பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அதன் முள் காட்டுவது காந்த வடக்கை. இலங்கையில் அதற்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் சிறிதுதான். ஆனால் இரும்பு அலுமாரிக்கும் ஜன்னல் கம்பிக்கும் பக்கத்தில் வைத்தால் முள் தன் இஷ்டத்துக்கு ஆடும். கைத்தொலைபேசியில் இருப்பதும் காந்த முள்ளின் உறவுதான். வெளியே, இரும்பில்லாத இடத்தில் வைத்துப் பார்த்தால் நல்லது.

அந்த ஜூலை 15 ஆம் திகதி காலையில் தூறல். லுஹர் தொழுகைக்குப் பிறகு மேகம் விலகியது. பேத்தி ஓர் அடி நீளமான குச்சியை ஒரு பலகையில் நட்டு, தூக்குநூல் கட்டிச் செங்குத்தா என்று பார்த்து முற்றத்துச் சீமெந்தில் வைத்தாள். பேரன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். 2.57 என்று அவன் கூப்பிட்டதும், மாமி குனிந்து தன் கையாலேயே நிழலின் மேல் வெள்ளைக் கட்டியால் கோடு போட்டார். பேத்தி பாகைமானியை வைத்தாள். மேற்கிலிருந்து வடக்காக 25 இற்கு மயிரிழை குறைவு. முன்பு அறைக்குள் ஜன்னல் கம்பியோரம் வைத்துப் பார்த்த தொலைபேசி, இதிலிருந்து நாலைந்து பாகை விலகியிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

பிறகு அவள் நிழலின் நீளத்தையும் தையல் நாடாவால் அளந்தாள். பத்தரை அங்குலம். "பெரியும்மா, ஓர் அடிக் குச்சிக்குப் பத்தரை அங்குலம் நிழல் என்றால் சூரியன் உச்சியிலிருந்து 41 பாகை சரிந்திருக்கிறது. அதே 41 பாகைதானே மக்காவுக்கும் நமக்கும் இடையில் உள்ள வில்? ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றர்…" என்று கொப்பியில் பெருக்கத் தொடங்கினாள். மாமி அதைக் கேட்க நிற்கவில்லை. கோட்டின் நேரே வீட்டுக்குள் போய், அஸருக்கு முன்பாகவே முஸல்லாவைத் திருப்பி விரித்துக்கொண்டிருந்தார்.